மிதவை கடந்த இடம்

துக்கும்மெக்கின் வாயை அடக்க பனிக்கடலோரத்து எங்கள் ஊரில் யாராலும் முடிந்ததில்லை. அந்த ஆகஸ்டில் அவளே மூன்று நாள் புருஷனோடு பேசாமல் இருந்தாள். அவ்வளவு கோபம்.

எல்லாம் கறுப்பு முனையால் வந்தது. வரைபடத்தில் அது கரையோடு ஒட்டிய முனை, முதுகுக்குப் பின்னால் பனியாறு. போன வருஷம் அதன் வடபக்கத்தில் ஒரு திமிங்கிலம் அவளுடைய ஈட்டிக் கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. அந்தக் கயிற்றில் கட்டியிருந்த காற்றடைத்த கடல்நாய்த் தோல் மிதவை ஐந்து நாள் கழித்துத் தென்பக்கத்தில் கிடைத்தது. வெளிக்கடலில் நீரோட்டம் வடக்கே போகிறது. மிதவை எதிர்நீச்சலா போடும்?

"பனியாறு பின்வாங்கிடுச்சு. நடுவுல தண்ணி இருக்கு. அது முனை இல்ல, தீவு" என்றாள்.

"உன் மிதவைக்குக் கால் முளைச்சு பனி மேல நடந்து வந்திருக்கும்" என்றான் புருஷன் உஸ்ஸார்காக். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வரைபடத்தில் இடப்பெயர்களைத் திருத்த ஹான்சேராக் தலைநகரிலிருந்து வந்தான். காபி குடிக்க உட்கார்ந்தவனிடமும் அவள் விடவில்லை.

"படத்துல முனைன்னுதானே இருக்கு, அக்கா?"

"உன் படம் என்னிக்காவது கடலுக்குப் போயிருக்கா, தம்பி? நாளைக்கு நீ வா."

சொல்லிவிட்டாள். முனைக்குப் பின்னால் பனி அடைத்திருந்தால் அப்புறம் கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் படகில் அவள் பின்னால் இயந்திரத்தைப் பிடித்தாள். உஸ்ஸார்காக் முன்னால் கழியோடு நின்றான். நடுவில் ஹான்சேராக். முனைக்குப் பின்னால் வடக்கிலிருந்து நுழைந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே உடைந்த பனி தண்ணீரை மூடிக் கிடந்தது. பக்கத்தில் பனியாற்றின் சுவர் உறுமியது.

"போதும், திரும்பிடலாம்" என்றான் உஸ்ஸார்காக். அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்தாள்.

"பனித்துண்டெல்லாம் எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு."

எல்லாம் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தன. படகையும் அவற்றோடு விட்டார்கள். கழியால் தள்ளித் தள்ளி ஒரு மணி நேரம் போனது. பிறகு பாறை விலகி, தென்பக்க விரிகுடா பளிச்சென்று விரிந்தது. துக்கும்மெக் போட்ட கூச்சலில் பாறையில் இருந்த பறவைகள் அத்தனையும் எழுந்து பறந்தன.

ஊருக்குத் திரும்பியபோது கரையில் கிழவர் மிட்டெக் காத்திருந்தார். "அத்தை, என்ன ஆச்சு?" என்றார். அவருக்கு எழுபது, அவளுக்கு நாற்பத்தொன்று. செத்துப்போன அவருடைய அத்தையின் பெயரைச் சுமப்பவள் அவள். அதனால் தொட்டில் நாளிலிருந்தே அவருக்கு அத்தை.

"தீவேதான்!" என்றான் ஹான்சேராக். "அக்கா, கண்டுபிடிச்சது நீங்க. உங்க பேரையே அதுக்கு வச்சிடலாம்."

ஊரே கைதட்டியது. துக்கும்மெக் தலையாட்டி மறுத்தாள்.

"என் பேரு எனக்கு மட்டும் சொந்தமில்ல, தம்பி. இவரோட அத்தைகிட்டேர்ந்து வந்தது. நான் போனப்புறம் பொறக்குற ஒரு குழந்தைக்குப் போகணும். கல்லுகிட்ட கொடுத்தா அது திருப்பித் தருமா?"

"அதானே! அந்தப் பாறையைப் போய் நான் அத்தைன்னு கூப்பிடணுமா?" என்றார் மிட்டெக்.

"அப்ப என்னதான் எழுதட்டும்?"

"பேரைக் கேட்டாலே மூடுபனியில மாட்டினவனுக்கு வழி தெரியணும். மிதவை கடந்த இடம்னு எழுது."

எங்கள் மொழியில் அது ஒரே சொல். ஹான்சேராக் எழுதிக்கொண்டான். உஸ்ஸார்காக் மட்டும் அதற்குப் பிறகும் வீம்புக்குக் கறுப்பு முனை என்றே சொல்லித் திரிந்தான். அவள் திருத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சுருக்கென்றது.

செப்டம்பரில் ஒரு நாள் அவன் தனியாக வேட்டைக்குப் போயிருந்தபோது மூடுபனி இறங்கியது. வெளிக்கடலில் அலை எகிறியது. துக்கும்மெக் அடுப்பில் கறியை வைத்துவிட்டு படகுகளோடு பேசும் வானொலிப் பெட்டியின் பக்கத்திலேயே நின்றாள். மிட்டெக்கின் குரல் கேட்டது.

"உஸ்ஸார்காக், எங்க இருக்க?"

இரைச்சலுக்கு நடுவே பதில் வந்தது.

"மிதவை கடந்த இடத்துல" என்றான் அவன். "உள்வழியா வந்துட்டிருக்கேன். உங்க அத்தைகிட்ட சொல்லிடுங்க."

துக்கும்மெக் பெட்டியின் சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். அவன் அந்தப் பெயரை இன்னொரு தடவை சொன்னால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தாள்.