ஏழு கிலோவுக்குக் கைதட்டல்

டில்ஷானி ஐந்து வாரத்தில் ஏழு கிலோ குறைந்தாள். ஒவ்வொரு கிலோவுக்கும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபமே கை தட்டியது. பத்து வயதுப் பிள்ளை ஒன்று கண் முன்னால் கரைந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பயப்படலாம் என்று அந்த மண்டபத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பயப்படுவது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

நிகழ்ச்சியின் பெயர் 'ஆரோக்கியக் குடும்பம், ஆனந்தச் சமூகம்'. பெயர் வைத்தவர் எங்கள் லேனின் நலன்புரி மன்றத் தலைவர் தயாபரன். வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு பெற்றது கையும் காலும்தான். வாய் இன்னும் சேவையில் இருக்கிறது. ஹூஸ்டனில் மகள் வீட்டில் மூன்று மாதம் நின்றபோது, அங்கே ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களில் பிள்ளைகள் அளவுக்கு மீறிக் கொழுக்காமல் தடுக்க ஒரு திட்டம் நடப்பதைக் கண்டார். பிள்ளையைத் தனியே திருத்த முடியாது, குடும்பமே வரவேண்டும், அக்கம்பக்கத்தார் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சாரம். கைநூலை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து தமிழாக்கினார்.

தமிழாக்கம் என்றால், அவர்கள் சாப்பிடுகிற இடத்திலெல்லாம் நம்மைச் சாப்பிட வைத்தார். அவர்களுடைய அவரை நம்முடைய பருப்பாயிற்று. ஓரிடம் தப்பிவிட்டது. 'ஞாயிறு பூசை முடிந்து தாமாலே உண்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று பதினோராம் பக்கத்தில் இருந்தது. தாமாலே என்றால் அவர்களுடைய சோளமாக் கொழுக்கட்டை என்று தெரியாமலே முப்பது குடும்பங்கள் அதைக் கைவிட்டன.

இன்னோர் இடத்தில், எடை குறையும் பிள்ளையை மாதம் ஒருமுறை தாதி ஒருவர் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நம்மிடம் தாதி இல்லை, கொமிட்டி இருக்கிறது. ஆகவே கொமிட்டி பார்க்க வேண்டும் என்று மாற்றினார். கொமிட்டி பார்த்தது.

மூலநூலில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார்: போட்டி. கொட்டாஞ்சேனையிலும் ஒரு மன்றம் இதே நூலைப் பிரதியெடுத்து நடத்தியது. பன்னிரண்டு வாரம் முடியும்போது எந்த ஊர்ப் பிள்ளைகள் கூடுதலான கிலோவைத் தொலைத்தார்களோ அந்த ஊருக்குக் கேடயம்.

டில்ஷானியின் தாய் சுதர்சினிக்குக் கேடயத்தில் ஆசை இருக்கவில்லை. காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்கச் சேலை விரித்து மடிக்கிற பெண் அவள். பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் மகளைப் பிள்ளைகள் 'கேஸ் சிலிண்டர்' என்று கூப்பிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை டில்ஷானி சீருடையைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, இனிப் போகமாட்டேன் என்றாள். அந்த வாரமே தாய் பெயரைப் பதிந்துவிட்டாள். பிள்ளை தலைநிமிர்ந்து பள்ளிக்கூடம் போனால் போதும்.

முதல் ஏழு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாற்பத்தெட்டுக் கிலோ நாற்பத்தெட்டாகவே நின்றது. தயாபரன் ஒலிவாங்கியில் பெயர் சொல்லாமல், "சில குடும்பங்கள் ஒத்துழைப்பதில்லை" என்றார். பெயர் சொல்லாததால் எல்லோரும் திரும்பிச் சுதர்சினியைப் பார்த்தார்கள்.

எட்டாவது வாரம் ஞாயிறு மண்டபத்துத் தராசு நாற்பத்தாறு காட்டியது. ஒன்பதாவது வாரம் நாற்பத்துநாலரை.

"பாத்தீங்களோ! பாத்தீங்களோ!" தயாபரன் பிள்ளையின் கையைத் தூக்கிப் பிடித்தார். "பிள்ளை, என்ன செய்தனீர் எண்டு எல்லாருக்கும் சொல்லும்."

"தண்ணி குடிச்சனான் அங்கிள்."

"எத்தினை போத்தல்?"

"எட்டு. சில நேரம் பத்து."

"பத்துப் போத்தல்! அன்பான பெற்றோரே, பத்து!" கடற்கரை ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை கையை இறக்காமல் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பின்னறையில் கொமிட்டி எண்ணெயில் பொரித்த பற்றிஸ் தின்றுகொண்டு கை தட்டியது.

பிள்ளை அதற்குள் இரண்டு தரம் மண்டபத்துக் கழிப்பறைக்குப் போய்வந்திருந்தாள்.

வீட்டில் அவள் தண்ணீர் குடித்த விதம் வேறு. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல், யாரோ பறிக்கப் போகிறார்கள் என்பதுபோலக் குடிப்பாள். குடித்த கையோடு போவாள். வந்து மறுபடி குடிப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் சப்பாத்தோடு படுத்துவிடுவாள். கன்னம் ஒட்டிவிட்டது. மேற்சட்டை தோளிலிருந்து நழுவியது. லேனில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், "ஐயோ, என்ன வடிவா மெலிஞ்சிட்டாள்!" என்றார்கள்.

அங்கேதான் சுதர்சினிக்கு விஷயம் விளங்கியது, பிழையாக விளங்கியது.

"நாவூறுதான்," என்றாள் புருஷனிடம். "எத்தினை சனம் ஒரே வாயால சொல்லுது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதெண்டு சும்மாவே சொன்னவை?"

சயந்தன் கைத்தொலைபேசி திருத்துகிறவன். எதையும் கழற்றிப் பார்த்துத்தான் நம்புவான். ஆனால் பிள்ளையைக் கழற்றிப் பார்க்க முடியாதே. "நாவூறோ என்னவோ, அடிக்கடி ஒண்டுக்குப் போறாளெல்லோ. அது உடம்புச் சூடு. தம்பிலி இளநீர் குடுத்தா அடங்கும்," என்றான்.

ஆகவே இரண்டு வைத்தியமும் நடந்தது. தாய் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையின் தலையை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கமறவில்லை. அப்படியானால் நாவூறு கடுமை என்று அர்த்தம். தகப்பன் வேலை முடிந்து வரும்போது தினமும் இரண்டு செவ்விளநீர் தூக்கிக்கொண்டு வந்தான். களைப்புக்குக் குளுக்கோஸ் தூளும் கரைத்துக் கொடுத்தார்கள். பிள்ளைக்குத் தாகம் கூடியது. கூடக் கூட இன்னும் கொடுத்தார்கள்.

டில்ஷானி மட்டும் சந்தோஷமாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் யாரும் இப்போது சிலிண்டர் என்பதில்லை. கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டில் நின்று, வயிறு இருந்த இடத்தைத் தடவிப் பார்ப்பாள்.

பன்னிரண்டாவது வாரத்து நிறைவு விழாவுக்கு முதல்நாள் மண்டபத்தில் ஒத்திகை. மண்டபத்தையும் கழிப்பறையையும் கழுவுகிற மயிலம்மா, ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்து இருபது வருஷமாகிறது. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுதர்சினியைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க புள்ள போயிட்டு வர்ற கக்கூசுல எறும்பு மொய்க்குதுங்க."

"என்ன?"

"மூணு வாரமா பாக்குறேங்க. மத்த புள்ளைங்க போனா இல்ல. ஒங்க புள்ள போயி வந்தா, செத்த நேரத்துல சாரசாரையா வருது. எங்க தோட்டத்து லயத்துல ஒருத்தருக்கு இப்பிடித்தாங்க இருந்திச்சு. சீனி வருத்தம்னாங்க."

"உமக்கென்ன விசரே? சீனி வருத்தம் வயசுபோன ஆக்களுக்கு வாறது. என்ர பிள்ளைக்குப் பத்து வயசு. உடம்பு குறைச்சிருக்கிறாள், தெரியுமே? இந்த மன்றத்தில முதலாவது."

"தெரியுங்கம்மா. அதான் சொல்றேன்."

"ஒருத்தரும் நல்லா இருந்திடக் கூடாது," என்று சொல்லிவிட்டுச் சுதர்சினி விறுக்கென்று மேலே ஏறிவிட்டாள். மூன்றாவது படியில் கால் ஒரு கணம் தயங்கியதை மயிலம்மா கண்டாள். அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிறு காலை டில்ஷானி இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்ட தாய்க்கு ஒரு வாசம் அடித்தது. வாந்தி வாசம் இல்லை. கனிந்து அழுகப்போகிற அன்னாசி வாசம். நேற்றைய எறும்பு அப்போதுதான் அவளுடைய மனத்தில் ஏறத் தொடங்கியது. பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். தலைவரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்பது அவள் எண்ணம். சொல்லாமல் போவது மரியாதை இல்லை என்று நினைக்கிற சாதி நாங்கள்.

"ஆஸ்பத்திரியோ?" தயாபரன் கோட்டுப் போட்டிருந்தார். "தங்கச்சி, அஞ்சு நிமிசம். கொட்டாஞ்சேனையை நாங்கள் ஆறே கிலோவால வெண்டிருக்கிறம். ஏழு இவவின்ர. இவ மேடையில இல்லாட்டி என்ன அர்த்தம்? ஒரு படம், ஒரு கேடயம், போகலாம்."

"பிள்ளை நிக்கமாட்டாளுங்கோ."

"கதிரை போடுவம்!" பிரச்சினைகளைத் தீர்ப்பதில் அவருக்கு ஒரு வேகம் உண்டு.

பிரதம விருந்தினர் ட்ரெட்மில் இறக்குமதி செய்கிறவர். நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். பொன்னாடை, மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை. டில்ஷானி மேடையில் கதிரையில் இருந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு கண் பாதி மூடியது. வாயைத் திறந்து ஆழமாக, வேகமாக மூச்சு விடத் தொடங்கினாள், படியேறி ஓடி வந்தவள்போல. இருந்த இடத்திலிருந்து அசையாத பிள்ளை எங்கே ஓடி வந்தாள்?

"இந்தச் சிறுமியின் மூச்சிலே நான் ஒரு சமூகத்தின் மூச்சைக் கேட்கிறேன்," என்றார் தயாபரன். படம்பிடிப்பவன் வெளிச்சம் அடித்தான்.

சுதர்சினி செருப்பைக் கழற்றாமலே மேடையில் ஏறினாள். பிள்ளையை வாரித் தூக்கினாள். போன வருஷம் தூக்க முடியாதவள், இன்று மடித்த சேலைக் கட்டுப்போல வந்தாள். வாசலில் மயிலம்மா முச்சக்கரவண்டி ஒன்றை மறித்து வைத்துக்கொண்டு, சாரதியோடு சிங்களத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். சபையிலிருந்து பின்னாலேயே ஓடி வந்த சயந்தன் முன்னால் ஏறினான். உள்ளே உரை முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தாள். சீனி அளக்கிற கருவி இலக்கம் காட்டவில்லை. அளவு மிஞ்சிவிட்டது என்று காட்டியது.

"எவ்வளவு நாளா மெலியிறா?"

"அஞ்சு கிழமை."

"நீங்கள் ஒருத்தரும் கவனிக்கேல்லையா?"

கவனித்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் மண்டபம் நிறையக் கவனித்தார்கள்.

பிள்ளைகளுக்கு வருகிற சீனி வருத்தம் வேறு வகை, கொழுப்பாலோ சாப்பாட்டாலோ வருவதில்லை, உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும் என்று டொக்டர் சொன்னாள். இனி ஆயுள் முழுக்க ஊசி. இன்னும் அரை நாள் பிந்தியிருந்தால் ஊசியும் தேவைப்பட்டிராது.

மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. நான்காம் நாள் வார்ட்டுக்கு மாற்றினார்கள். ஊசியின் அளவைக் கணக்கிட, காலையில் தாதி பிள்ளையைத் தராசில் ஏற்றினாள். "ஹதலிஸ் துனய்," என்று சிங்களத்தில் உரக்கச் சொல்லி எழுதினாள். நாற்பத்துமூன்று. உடம்பில் நீர் ஏறியிருந்தது. தாய்க்கு உயிர் வந்தது.

டில்ஷானி அழத் தொடங்கினாள்.

"கூடிட்டுது அம்மா. ரெண்டு கிலோ கூடிட்டுது."

"அது நல்லது பிள்ளை."

"இல்லை. எல்லாரும் பாப்பினம்."

மத்தியானம் தாதி வயிற்றில் இன்சுலின் ஏற்றிவிட்டு, இருபது நிமிடத்துக்குள் சோறு உள்ளே போக வேண்டும் என்றாள். மருந்து உள்ளே போய்ச் சாப்பாடு போகாவிட்டால் சீனி விழுந்துவிடும், பிள்ளை மயங்கிவிடுவாள், அதற்கு மேலும் நடக்கலாம். சுதர்சினி சோறும் பருப்பும் குழைத்து உருட்டி நீட்டினாள். டில்ஷானி உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"ஒரு வாய், என்ர குஞ்செல்லே."

தலை இடமும் வலமும் ஆடியது.

"அப்பா சொன்னாச் சாப்பிடுவியா?" என்றான் சயந்தன்.

"தயாபரன் அங்கிள் சொல்லட்டும்."

ஐந்து நிமிடம் போயிருந்தது. சயந்தன் எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியைப் போட்டு மகளின் தலையணையில் வைத்தான்.

"ஐயா, பிள்ளைக்கு ஊசி போட்டாச்சு. சாப்பிடுறாளில்லை. நீங்கள் சொன்னாத்தான் சாப்பிடுவாளாம். சாப்பிடு எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ."

"ஆ, தம்பி சயந்தன். மன்றத்தின் சார்பில் முதலில் எங்கட ஆழ்ந்த கவலையை..."

"ஐயா, நேரமில்லை. ஒரு சொல்."

"விளங்குது. ஆனா நான் கொஞ்சம் கவனமாக் கதைக்க வேணும். ஆக்கள் ஏற்கெனவே தாறுமாறாக் கதைக்கினம். நாளைக்கு ஏதும் நடந்தா, தலைவர் சொன்னதாலதான் எண்டு வந்திரும்." குரலைத் தாழ்த்தினார். "நான் டொக்டர் இல்லைத் தம்பி. ஒரு பிள்ளை என்ன சாப்பிட வேணும் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

டில்ஷானி அதை முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தலையணையில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். சுதர்சினியின் விரல்களில் சோறு காய்ந்தது. தாதி சுவர்க்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, குளுக்கோஸ் ஏற்றுகிற ஊசி இருந்த மருந்துத் தள்ளுவண்டியைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்தாள்.