வலப்பக்கத்து ஆள்

பாளையங்கோட்டையில் துரைமார் கிளப்பு ஒன்று இருந்தது. அதில் சுடலைக்கண்ணுவுக்கு மார்க்கர் வேலை. பச்சைக் கம்பளம் ஒட்டிய பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு நின்று எண்ணிக்கை சொல்ல வேண்டும். குழியில் விழுந்த பந்தை எடுத்து வைக்க வேண்டும். ஆட ஆளில்லாத துரைக்கு எதிராளியாக நின்று ஆடித் தோற்கவும் வேண்டும். இதில் தோற்கிறதுதான் கஷ்டமான வேலை. ரொம்பத் தோற்றால் துரைக்குச் சலித்துவிடும். தப்பித் தவறி ஜெயித்துவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். மூச்சைப் பிடித்து ஆடுகிற மாதிரி ஆடி, ஏழெட்டு எண்ணிக்கையில் தோற்க வேண்டும்.

துரை அடித்த பந்து குழிக்குப் போகாமல் ஊர் சுற்றிவிட்டு வந்தால், முகத்தைத் துக்க வீட்டுக்குப் போனவன் போல வைத்துக்கொண்டு, "பேட் லக், சார்" என்று சொல்ல வேண்டும். துரையின் கையில் குற்றமே கிடையாது, நேரம்தான் சரியில்லை என்று அதற்கு அர்த்தம். ஏழு வருஷத்தில் சுடலைக்கண்ணு அதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பானோ, தூக்கத்தில்கூட வாய் சொல்லும் என்பாள் அவன் மனைவி.

அவனுக்கு முன்னால் அங்கே மார்க்கராக இருந்தவர் பாக்கியசீலன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், பொய் சொல்ல வராது. ஒரு நாள் ரோடு இஞ்சினீர் மெர்ரிக் துரையிடம், உங்கள் முழங்கை கோணுகிறது என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். துரை கையிலிருந்த பந்தடிக்கிற கம்பைத் திருப்பிப் பிடித்து வீசினார். முன்பல் இரண்டு போயிற்று, வேலையும் போயிற்று. இன்றைக்கும் அவர் வேதக்கோயிலில் பைபிள் சங்கீதம் வாசித்தால் சகரம் எல்லாம் காற்றாகத்தான் வரும்.

ஜார்ஜ் ராஜா முடிசூட்டிக்கொண்டதற்கு மறு வருஷம். கிறிஸ்மஸ் பந்தயத்தில் தூத்துக்குடித் துரை ஒருவரிடம் மெர்ரிக் துரை கேவலமாகத் தோற்றுவிட்டு வந்தார். வந்த மறுநாள் மத்தியானம், மற்றத் துரைமார் உண்ட களைப்பில் படுத்திருக்கும் நேரத்தில், சுடலைக்கண்ணுவைக் கூப்பிட்டார். தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர் என்பதால் புத்தகத்தைத் திறந்து வைத்த மாதிரிதான் பேசுவார்.

"மார்க்கரே, இனி நீ அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது. ஒவ்வொரு அடியிலும் என் பிழை யாதென்று சொல்ல வேண்டும். பொய் உரைத்தால் வேலை நீக்கம்."

சுடலைக்கண்ணு கணக்குப் போட்டுப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் பல் போகும், பொய் சொன்னால் வேலை போகும். வேலை போனால் கிளப்பு வளவுக்குள் இருக்கிற ஓட்டு வீடும் போகும். அன்றைக்கு முழுக்க அவன் நாக்கு முன்பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

பயிற்சி என்பது பார்க்க ஒன்றுமில்லாத காரியம். மேசையின் நடுக்கோட்டில் பந்தை வைத்து நேராக அடிக்க வேண்டும். அது மேசையின் எதிர் விளிம்பில் முட்டித் திரும்பி வந்து கம்பின் நுனியையே தொட வேண்டும். துரை நாற்பது அடித்தார், தொட்டது ஐந்து. நாற்பதாவது அடி முடிந்ததும் துரை திரும்பிப் பார்த்தார். சுடலைக்கண்ணு இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டு, "முழங்கை வெளிய போவுது, தொர" என்றான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

கம்பு பறந்து வரவில்லை. எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு போகிறது என்றுதான் துரை கேட்டார். வாயால் சொல்லத் தெரியாமல் சுடலைக்கண்ணு இன்னொரு கம்பை எடுத்துத் துரையின் முழங்கைக்கு ஒட்டினாற்போல நட்டுப் பிடித்தான். கை கோணினால் கம்பில் இடிக்கும். அன்றைக்கு நூறு அடி, மறுநாள் நூற்றைம்பது. இடித்த போதெல்லாம் துரை பல்லைக் கடித்தார், இவன் பல்லை மூடிக்கொண்டான்.

அடுத்தாற்போலத் தலை. கம்பு பந்தைத் தொடுமுன்னே பந்து எங்கே போகிறதென்று பார்க்கத் துரை தலையைத் தூக்கினார். அதையும் சொன்னான். அப்புறம் இடது கை விரல்கள் கம்பளத்தில் அழுந்தாமல் துள்ளின. அதையும் சொன்னான். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் இன்றோடு முடிந்தது என்று நினைப்பான், முடியாது. மாசி பிறக்கும்போது நாற்பதுக்கு முப்பத்திரண்டு கம்பின் நுனியைத் தொட்டது. ஒருவரை ஆட்டத்தில் தேற்றிக் காட்டியதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. பயம் மட்டும் இடத்தைக் காலி பண்ணவில்லை.

பந்தைக் குழியில் தள்ளுகிற பயிற்சிக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இடப்பக்கத்துக் குழிகளில் பந்து சொன்னபடி விழுந்தது. வலப்பக்கம் என்றால் எப்போதும் இரண்டு விரற்கடை தள்ளிப் போயிற்று. முழங்கையைப் பார்த்தான், சரியாக இருந்தது. தலை அசையவில்லை, விரல் துள்ளவில்லை. ஆனால் வலப்பக்கம் அடிக்குமுன் துரை கோழி பார்க்கிற மாதிரி கழுத்தைத் திருப்பி இடது கண்ணால் பார்த்தார். ஒரு நாள் சிவப்புப் பந்து வலது ஓரத்தில், துரையின் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. "சிவப்பு எங்கே?" என்று துரை கேட்டார்.

முக்கூடலில் சுடலைக்கண்ணுவின் மாமனாருக்கும் இப்படித்தான் தொடங்கியது. எதிரே இருக்கிற தண்ணீர்ச் செம்பைத் தடவித் தேடுவார். கண்ணில் புரை. துரைக்கு வலது கண் போய்க்கொண்டிருக்கிறது.

இது பயிற்சியில் தீருகிற பிழை இல்லை, நம் மேல் பழி வராது என்று முதலில் அவனுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பந்தைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது சனிக்கிழமை ஞாபகம் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

மெர்ரிக் துரை மாதம் ஒரு சனிக்கிழமை பாபநாசம் மலைக்கு வேட்டைக்குப் போவார். மேலேயிருந்து ஆட்கள் தப்பட்டை அடித்துக் காட்டைக் கலைப்பார்கள். கீழே துரைமார் துப்பாக்கியோடு காத்திருப்பார்கள். மிருகம் ஓரமாக நழுவிவிடாமல் இருக்க ஒவ்வொரு துரைக்கும் இரண்டு பக்கமும் ஆள் புதரில் மறைந்து நின்று, கம்பால் மரத்தைத் தட்டிக்கொண்டிருப்பான். ஆறு வருஷமாக மெர்ரிக் துரைக்கு வலப்பக்கத்து ஆள் சுடலைக்கண்ணுவின் தம்பி மாரிக்கண்ணு. கறுத்த உடம்பு, காவியேறிய துண்டு. நல்ல கண்ணுக்கே அவன் புதருக்குள் நின்றால் மிளா மானா மனுஷனா என்று சட்டென்று தெரியாது.

வியாழக்கிழமை மாரிக்கண்ணு துரையின் கூடாரச் சாமான்களை ஏற்றிப்போக வண்டியோடு கிளப்புக்கு வந்தான். அண்ணன் அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனான்.

"ஏலே மாரி, இந்தச் சனிக்கெழம நீ போவாண்டாம்லே."

ஏன் என்று கேட்டதற்குக் கெட்ட சொப்பனம் என்றான். துரையின் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. மாரியின் வாயில் ஒரு சொல் விழுந்தால் அது மலை முழுக்கத் தப்பட்டை அடிக்கும். துரையின் காதுக்கும் ஒரு நாள் போகும். அந்தப் பயத்தில் தம்பியிடமே உள்ளதை மறைத்தான். பிற்பாடு நினைத்து நினைத்து அவன் வெட்கப்பட்டது இதற்குத்தான்.

"சொப்பனத்துக்காவ நின்னா சோறு யாரு போடுவா? நான் போவலன்னா அந்த எடத்துல வேற எவனையாவது நிறுத்துவாவ. எம் பொஞ்சாதி செல்லக்கிளி ரெண்டு வீசை கருப்பட்டி வாங்கியாரச் சொன்னா, அதுக்கு வழியச் சொல்லு" என்று மாரி சிரித்தான். வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் துரை வலது குழியைப் பார்த்து எட்டுத் தடவை அடித்தார். எட்டும் தள்ளிப் போயிற்று. பிழையைச் சொல் என்றார். சுடலைக்கண்ணு கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"கையில பிழ இல்ல, தொர. வலது கண்ணு ஒங்களுக்குத் தெரியல. நாளைக்கு எந்தம்பி அந்தப் பக்கந்தான் நிக்கான்."

துரையின் முகம் செங்கல் நிறமாயிற்று. கம்பைத் திருப்பிப் பிடித்தார். சுடலைக்கண்ணு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.  துரை கம்பை மெல்ல மேசைமேல் வைத்தார். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியாது என்றான். தெரிந்தால் தன்னை வேலையிலிருந்து நீக்கிக் கப்பல் ஏற்றிவிடுவார்கள், வேட்டைக்குப் போகாவிட்டாலும் ஏனென்று கேள்வி வரும் என்று துரை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். அந்தக் குரலில் தன்னுடைய பயமே பேசுகிற மாதிரி சுடலைக்கண்ணுவுக்குக் கேட்டது.

"நாளை நீ வருவாய். என் வலது தோளருகே நிற்பாய். மிருகமானால் மிளா என்று சொல். மனிதனானால் ஆள் என்று சொல். மேசையில் சொன்னதுபோல்."

சனிக்கிழமை காலை பாபநாசத்து அடிவாரத்தில், முழங்கால் உயரப் புல்லுக்குள், வெள்ளைக் கோட்டோடு அவன் துரையின் வலது தோளருகே நின்றான். துப்பாக்கியின் எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. முப்பது கஜத்தில், ஈச்சம்புதருக்குப் பின்னால், டொக் டொக் என்று மாரியின் கம்பு மரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று அவன் எண்ணிக்கொண்டே நின்றான். இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி இன்னொரு துரை நின்றார்.

மேலே தப்பட்டை ஒலித்தது. பறவைகள் கலைந்தன. கிளை முறிகிற சத்தத்தோடு ஒரு கடா மிளா இறங்கி வந்து, எதிரே மனுஷ வாடை பட்டதும் வலப்பக்கமாகத் திரும்பியது.

மரம் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

மிளாவை மறித்துத் திருப்ப மாரி கம்பைப் போட்டுவிட்டு, துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டு புதரை விட்டுக் குனிந்து ஓடி வந்தான். துரை அசைவைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. துப்பாக்கி வலப்பக்கம் திரும்பிற்று. தலை அசையவில்லை, முழங்கை கோணவில்லை. சுடலைக்கண்ணு சொல்லிக் கொடுத்தபடியே எல்லாம் நேராக இருந்தது.

ஆள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் வாய் திறந்தது. காற்றுத்தான் வந்தது. நாக்கு நுனியில் வந்து நின்றது ஏழு வருஷமாகச் சொன்ன அந்தப் பாழாய்ப்போன "பேட் லக்"தான். தம்பியைச் சாகக் கொடுத்துவிட்டு அதைச் சொல்லப் போகிறோம் என்று நினைத்த கணத்தில் கை தானாகப் போயிற்று. எந்த முழங்கை கோணக் கூடாது என்று இத்தனை நாள் காவல் நின்றானோ, அதையே கீழேயிருந்து ஓங்கித் தட்டினான்.

குண்டு ஆகாயத்துக்குப் போயிற்று. தேக்கிலைகள் இரண்டு தலைமேல் விழுந்தன. மிளா தப்பிவிட்டது. புல்லுக்குள் விழுந்திருந்த மாரி எழுந்து நின்றான்.

இடது பக்கத்துத் துரை அங்கிருந்தே, "பேட் லக், மெர்ரிக்" என்று கத்தினார்.

மெர்ரிக் துரை கழுத்தைத் திருப்பி, இடது கண்ணால், நின்றுகொண்டிருந்த மாரியைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. துப்பாக்கியைத் தாழ்த்தினார்.  அப்புறம் நண்பருக்குக் கேட்கும்படி இங்கிலீஷில், இந்த முட்டாள் மார்க்கர் கையைத் தட்டிவிட்டான் என்றார். சுடலைக்கண்ணுவின் முகத்தைப் பார்க்காமல், இனி கிளப்புக்கு வராதே என்று தமிழில் சொன்னார்.

மலை இறங்கும்போது மாரி திட்டிக்கொண்டே வந்தான். காட்டுக்குப் புதிதாக வந்தவன் சும்மா நிற்காமல் எதற்குத் துரை கையில் கை வைத்தாய், இவ்வளவு பெரிய கடா போய்விட்டதே, வேலையும் போய்விட்டதே, அண்ணிக்கு என்ன பதில் சொல்லுவாய் என்று கேட்டான். பின்னால் வந்த கலைப்பு ஆட்களும் சிரித்தார்கள். இன்னும் சம்பளத்துக்கு ஒரு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் துரை கோபம் ஆறி மறுபடி கூப்பிட்டாலும் கூப்பிடுவார். அடுத்த மாதம் இதே புதரில் மாரியோ வேறொருவனோ நிற்பான். சுடலைக்கண்ணு பாதையிலேயே நின்றான்.

"எல்லாரும் கேளுங்க. அந்தத் தொரைக்கு வலது கண்ணு தெரியாது. அந்தப் பக்கம் இனி எவனும் நிக்காதிய. மாரி, அவரு மிளாவக் குறி வைக்கலலே. ஒன்னத்தான் வச்சாரு."

சிரிப்பு நின்றது. மாரி திரும்பி, தான் நின்ற ஈச்சம்புதரையும் துரை நின்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். சத்தியமா என்று கேட்டான். அண்ணன் தலையை ஆட்டினான்.

 சின்ன வயதில் ஆற்றைக் கடக்கும்போது பிடித்த மாதிரி மாரி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். முப்பது வயது ஆம்பிளை, ஊர் எல்லை வரும் வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.