குமாரவேலின் கால் ஆடியதா?

1
அன்று கூடத்தில் இருந்தவர்கள்: தறி நெய்யும் என் தம்பி குமாரவேல், அவன் மகள் சங்கீதா, அவளைப் பெண் பார்க்க வந்த கலைவாணன், அவனுடைய அப்பா கைலாசம், அம்மா ரேவதி, சாட்சிக்கு நான். தெருக்காரர்கள் ஜன்னலில் இருந்தார்கள். அவர்கள் வாயை மூடவே இந்தக் கதையை எழுதுகிறேன்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கோபுரத்தின் மேல் மாலை வெயில்...' (அடித்துவிட்டேன். கோபுரத்துக்கும் குமாரவேலின் கணுக்காலுக்கும் என்ன சம்பந்தம்?)

கணுக்காலில் ஒரு பட்டை. ஏனாத்தூர் கல்லூரியில் படிக்கும் சங்கீதா செய்தது. நாடித்துடிப்பை அளந்து செல்போனுக்கு அனுப்பும். பேட்டரி கிடையாது; கால் அசையும் அசைவிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

"பேட்டரி இல்லாம ஓடுமா? கதை உடாதம்மா," என்றார் கைலாசம். "மெய்யாலுமே ஓடிச்சின்னா, கல்யாணத்துக்கு அப்புறமும் நீ இதையே செஞ்சிக்கினு இரு. நான் குறுக்க வரமாட்டேன்."

எல்லோரும் செல்போனைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"இன்னாம்மா, உங்கப்பாவுக்கு நாடியே இல்லியா?"

3
எங்கள் வீட்டில் உட்கார்ந்து காலாட்டினால் அன்றைக்குச் சோறு கிடையாது. லட்சுமி எழுந்து போய்விடுவாள் என்பது எங்கள் அப்பா போட்ட சட்டம். குமாரவேல் சபையில் அமர்ந்தால் கல்தூண் கூச்சப்படும்.*

(*மிகை அல்ல.)

"அப்பா, காலை ஆட்டுப்பா," என்று கிசுகிசுத்தாள் சங்கீதா.

"சம்பந்தி முன்னாலயா? இன்னா பேச்சு இது?"

"ஆட்டலன்னா என் படிப்பு பரண்மேல ஏறிடும்பா."

அவன் என்னைப் பார்த்தான். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

4
எழுந்து நடந்திருக்கலாமே என்பீர்கள். விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக்காரன் உலாத்துவதா? ஓர் எலி ஓட, அவன் துள்ள... என்றும் எழுதிப் பார்த்தேன். (எங்கள் வீட்டில் எலி இல்லை.)

நடந்தது இதுதான். குமாரவேல் கண்ணை மூடினான். வேட்டி லேசாக அசைந்தது.

"இருக்குது! நாடி இருக்குது!" என்று கூவினார் ரேவதி.

கைலாசம் பட்டையைக் கழற்றச் சொல்லித் தன் காலில் கட்டிக்கொண்டார். இரண்டு காலையும் ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். (அது அவர்கள் குடும்ப கௌரவம். நான் தலையிடவில்லை.)

5
கல்யாணம் எந்த மாதம், விருந்தில் என்ன பாயசம் என்பதையெல்லாம் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் உங்களிடம் விடமாட்டேன். சம்பந்தி முன்னால் குமாரவேல் காலாட்டினான் என்று எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்கப் பேச்சு. பொய். இடது, வலது, இடது என்று, இல்லாத தறியின் மிதிப்பலகையை அவன் மிதித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அவன் காலாட்டவில்லை. நெய்தான்.