துண்டு போட்ட இடம்

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஒரே ஒரு வளையம். தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் அங்கேதான் முண்டியடிக்கின்றன. இடங்களைப் பங்கு போட்டு முடித்துவிட்டார்கள்.

எங்கள் நிறுவனத்தில் என்னோடு வேலை பார்த்த என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். பாதைகளைக் கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் நீட்டினால் ஒரே இடத்தில் நான்கு செயற்கைக்கோள்கள் முட்டாமல் சுற்றும். எங்கள் நான்கும் அப்போது இரண்டு இடங்களில் இருந்தன; இனி இரண்டு தேவையில்லை, ஒன்று போதும். மற்றதைக் காத்திருப்பவர்களுக்கு விடலாம். வரிசையில் முதலில் நின்றது, அவள் தம்பி வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி. டவர் இல்லாத தீவுகளுக்கு போன் இணைப்பு தருகிறவர்கள்.

அவள் இருந்தவரை தலைமைப் பொறியாளர் அவள் அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இறந்த பிறகு பார்த்தார். தரையிலிருந்து கட்டளை அனுப்பி நான்கையும் ஒரே இடத்தில் நான்தான் சேர்த்தேன். முட்டவில்லை. கேக் வெட்டினார்கள்.

மறுநாள் காலை அவர் என் மேசைக்கு வந்தார்.

"காலி இடத்துல துண்டு போட்டுடுங்க."

இடம் பிடிக்க, ஆயுள் முடிந்த செயற்கைக்கோளை வெறுமனே கொண்டுபோய் நிறுத்துவதை அப்படித்தான் சொல்வோம். பஸ் சீட்டில் போடுகிற அதே துண்டு.

"எதை சார்?"

"நம்ம பழைய ஓட்டை சாட்டிலைட்டத்தான். ஒரு சேனல் இன்னும் முனகுதுல்ல, அது போதும். சட்டப்படி இடம் நம்மளுது."

"அடுத்தவங்களுக்கு விடத்தான் அவ கணக்கே போட்டா. முதல் பக்கத்துலயே எழுதியிருக்கா."

"நான் நேரா கணக்குக்குப் போயிட்டேன்பா." சிரித்தார். "உங்க வீட்டம்மா மூளையே மூளை."

அவர் போனதும் கட்டளையைத் தட்டினேன். ஓட்டை நகரத் தொடங்கியது.

மாலையில் மச்சான் கூப்பிட்டான்.

"மாமா, இடம் காலியாம்ல? எங்க ஆபீஸ்ல ஆளாளுக்குத் தலைகால் புரியல."

"காலி இல்ல மாப்ள. பழசு ஒண்ணு அங்க போயிட்டிருக்கு."

"சும்மா நிறுத்தவா?"

"சும்மாதான்."

"எந்தப் புண்ணியவான் அனுப்பினான்?"

"நான்தான்."



"அக்கா இருந்திருந்தா வேலைய மூஞ்சில விட்டெறிஞ்சிருப்பா."

"ஆமா."

"நீங்க?"

"நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட்."