ஒல்லிக்காரியின் கல்லீரல்

1

இந்தக் கதை, தென் கொரியாவில் எங்கள் டேகு நகர ஆஸ்பத்திரி ஒன்றில் உணவு ஆலோசகர் சொன்ன நாலு வார்த்தையிலிருந்து பிறந்தது. 'மியோங்-ஆ ஒரு மூங்கில் போல' என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். சகிக்கவில்லை, அடித்துவிட்டேன். நேரே சொல்லிவிடுகிறேன். மியோங்-ஆவின் அப்பாவுக்குக் கல்லீரல் போய்விட்டது. பிள்ளைகளில் ஒருவர் ஈரலில் ஒரு பங்கு கொடுத்தால் பிழைப்பார். டாக்டர் வைத்த கெடு இரண்டு மாதம்.

2

பிள்ளைகள் இரண்டே பேர். அண்ணன் மொத்தச் சந்தையில் ஆப்பிள் பெட்டி தூக்குகிறவன், தொந்திக்காரன். தங்கை நாற்பத்தாறு கிலோ, வங்கியில் உட்கார்ந்த வேலை. குண்டனுக்கு ஈரலெல்லாம் கொழுப்பாகத்தான் இருக்கும் என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். யாரும் மறுக்கவில்லை. தங்கை பரிசோதனைக்குப் போனாள்.

(அண்ணன் அன்றைக்கு இரண்டு கிண்ணம் பன்றி சூப் குடித்தான். இந்த வரியை எடுத்துவிடலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.)

அவள் ஈரலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. எடுக்க முடியாது என்றார்கள்.

3

இங்கே கட்டுரை மாதிரி ஒரு பத்தி வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைவாக இருந்தால் மிச்சம் ஈரலுக்குப் போய்க் கொழுப்பாகிவிடும். மியோங்-ஆவுக்குத் தொடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அவளோ கொழுப்பு என்றதும் எங்கள் ஊர்ப் பெண்கள் செய்வதையே செய்தாள். சோற்றை நிறுத்தி, பன்னிரண்டு நாள் வெள்ளரிக்காயும் சர்க்கரைவள்ளிக் கிழங்குமாக ஓட்டினாள். மூன்று கிலோ இறங்கியது. போனதில் பெரும்பகுதி தசை. ஈரல் அப்படியே இருந்தது.

உணவு ஆலோசகர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"கொழுப்பைக் கரைக்கிறேன்னு அதை எரிக்கிற அடுப்பையே இடிச்சுட்டீங்களேம்மா. முட்டை, மீன்னு சாப்பிடுங்க, மாடிப்படி ஏறுங்க. மூணு மாசம் ஆகும். இதோ, கூட வந்திருக்கிற உங்க அண்ணன் காலைப் பாருங்க, பெட்டி தூக்கித் தூக்கி உரமேறியிருக்கு. தொப்பையை வச்சு ஈரலைச் சொல்ல முடியாதுங்க."

4

மூன்று மாதம். அப்பாவுக்கு இரண்டுகூட முழுதாக மிச்சமில்லை.

இந்த இடத்தில் அண்ணன் பாத்திரம் உதைக்கிறது. காதில் விழுந்தும் அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை? வாசகர் நம்ப மாட்டார். அவனுக்கு ஒரு நோய் கொடுக்கலாமா, இரண்டு குழந்தை கொடுக்கலாமா என்று பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. சரி, மறைத்து என்ன ஆகப்போகிறது. அவன் நான்தான்.

பஸ் நிறுத்தத்தில் அவள் என்னைப் பரிசோதனைக்கு வா என்று கேட்கவில்லை.

"அண்ணா, ஏதாவது பேசேன்" என்றாள்.

"பஸ் வந்துடுச்சு" என்றேன்.

5

முடிவு ஒன்று: மியோங்-ஆ படியேறித் தேறுகிறாள், அப்பா மூன்று மாதம் தாக்குப்பிடிக்கிறார். எழுதிய எனக்கே நம்பிக்கை இல்லை.

முடிவு இரண்டு: அண்ணன் பரிசோதனைக்குப் போகிறான், அவன் ஈரலிலும் கொழுப்பு. பாவம், அவனும் முயன்றான் என்று அத்தை சொல்வாள். இதை எழுதும்போது மட்டும் கை எவ்வளவு வேகமாக ஓடியது, வெட்கக்கேடு.

முடிவு மூன்று: அண்ணன் பரிசோதனைக்குப் போகிறான். அவன் ஈரல்

வயிற்றைக் கிழிப்பார்களே என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மை அவ்வளவுதான். மேற்படி வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். சுத்தமாக இருந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.