முப்பத்தோரு பிடரி

ஆறு மணிவரை திறந்திருக்க வேண்டிய வாக்குச்சாவடி கேட்டை ஐந்து மணிக்கே இழுத்துப் பூட்டிவிட்டார்கள், படுபாவிகள்! வெளியே வரிசையில் முப்பத்தோரு பேர், அவர்களுக்கும் கடைசியில் சலூன்காரர். அந்த நாடாளுமன்றத் தொகுதியில் வெற்றி தோல்வியோ வெறும் பதினெட்டு ஓட்டு. அநியாயம், அநியாயம் என்று எல்லாரும் வாய் கிழியப் பேசினார்கள். புகார் எழுதிக் கொடு என்றால் மட்டும் ஒருத்தரையும் காணோம். சலூன்காரர்தான் எழுதி நீட்டினார்.

"புகார் பொய்னு ஆச்சுன்னா ஆறு மாசம் உள்ள வைப்பாங்களாம். உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது என் ஓட்டுடி. கேட்டைச் சாத்துறதுக்கு அவங்க யாரு?" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, அன்று ராத்திரி புகாரின் நகலை மூன்று தடவை எடுத்துப் படித்துப் பார்த்தார்.

விசாரணை அறையில் சாவடி அதிகாரி புது மாப்பிள்ளை மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "வரிசையே இல்ல மேடம். கேட் ஆறு வரைக்கும் திறந்துதான் இருந்துச்சு. நான் அறையை விட்டு நகரவே இல்ல."

சலூன்காரர் முப்பத்தோரு பேரையும் நின்ற வரிசைப்படியே எழுதிக் கொடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கடைசியில நின்ன உங்களுக்கு முகம் எப்படித் தெரிஞ்சுது?"

"முகம் எதுக்கும்மா? முகத்தைக் கண்ணாடி பார்த்துக்கும். முப்பது வருஷமா பிடரியைப் பார்க்கிறது நான்தானே!"

சாவடி அதிகாரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பட்டியலிலிருந்து பத்துப் பேரை வரவழைத்து, வெளியூர் ஊழியர்கள் மூன்று பேரை நடுவில் கலந்து, எல்லாரையும் சுவரைப் பார்த்து நிறுத்தினார். பிறகுதான் சலூன்காரரை உள்ளே விட்டார்.

"இவர் தபால்காரர், ஏழாவது ஆளு. ரெட்டைச் சுழி, என் சீப்பே இதுகிட்ட தோத்துப்போயிருக்கு. இவர் மெக்கானிக், பதினஞ்சு. காதுக்குப் பின்னாடி தீக்காயம் பாருங்க. இது நம்ம கடைக்கு வந்த தலையே இல்ல, அடுத்தது!"

பதிமூன்றும் சரி. ஆனால் பதினாலாவதாக ஒரு முதுகு ஓரத்தில் நின்றது. சலூன்காரர் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இவர் வரிசையில நிக்கல."

முதுகு சிரிப்பில் ஆடியது.

"ஆனா, கேட்டைப் பூட்டிட்டு விறுவிறுன்னு படியேறிப் போனது இந்தப் பிடரிதான். காலருக்கு மேல மூணு மச்சம். எத்தனை தலை மறைச்சாலும் படியில ஏறினப்போ தெளிவா பார்த்தேன்!"

ஆட்டம் நின்றது. திரும்பியது யார்? ஆளைக் குழப்பலாம் என்று தானாகவே வந்து நின்றுகொண்ட நம்ம சாவடி அதிகாரி! முகம் செத்துப்போயிருந்தது.

தபால்காரர் மெல்லத் திரும்பினார். "உண்மைதாங்க மேடம். நான் ஏழாவதா நின்னேன். நமக்கேன் வம்புன்னு இருந்துட்டேன்." மெக்கானிக் திரும்பினார். அப்புறம் ஒவ்வொருவராகப் பத்துப் பேரும் திரும்பினார்கள். சலூன்காரருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மறுவாக்குப்பதிவு வேண்டும் என்று அந்தம்மா அங்கேயே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார், மேலிடமும் உத்தரவு போட்டது.

மறுவாக்குப்பதிவு நடந்த ஞாயிற்றுக்கிழமை வரிசை தெருமுனையையும் தாண்டி நின்றது. சலூன்காரர் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து, யாரும் கேட்காமலேயே, "போட்டாச்சுய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மொத்த வரிசையும் கைதட்டியது.