காண்ட்ராக்டர் மகள்

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், வெளிநாட்டு மாணவர்களுக்கு வருமான வரிக் கணக்கு போட்டுத்தரும் அறை. மகளைப் பார்க்க வந்திருந்த ஓய்வுபெற்ற சர்வேயர், பிளாஸ்டிக் நாற்காலியிலும் முதுகு சாயாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வரி ஆலோசகர் அந்த வார்த்தையைச் சொல்லும்வரை எல்லாம் சுமுகமாகத்தான் போனது.

"சினிமாவுக்கு சப்டைட்டில் எழுதினதுக்கு கம்பெனி வரி பிடிக்கலை. நீங்க அவங்க ஊழியர் இல்லம்மா, இண்டிபெண்டன்ட் காண்ட்ராக்டர். அப்படித்தான் காட்டணும்."

சர்வேயருக்குச் சுருக்கென்றது. காண்ட்ராக்டர் என்றாலே அவருக்கு மைத்துனர் முகம்தான் வரும். அந்த மகானுபாவர் போட்ட சாலை முதல் மழைக்கே கரைந்துபோக, மிச்சத்தை அளந்து சொல்ல இவரையே அனுப்பினார்கள். அன்று குனிந்த தலை நிமிர வெகுகாலம் ஆயிற்று.

"நம்ம குடும்பத்துல இன்னொரு காண்ட்ராக்டரா? வேண்டவே வேண்டாம். ஸ்டூடண்ட்னு மட்டும் போடும்மா."

"அப்பா, நான் ரோடா போடறேன்? வசனம் போடறேன்!"

"எதைப் போட்டாலும் பேரு அதுதானே?"

ஆலோசகர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "சார், இவங்க ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்து வாங்கற பணத்துக்கு ஸ்டூடண்ட்னு சலுகை இருக்கு. இதுக்கு இல்ல. இதையும் அதோட சேர்த்துக் காட்டினா வரி ஏய்ப்பு."

"சேர்த்தா எனக்கு லாபம்தான்ப்பா" என்றாள் மகள் அப்பாவி போல. "அடுத்த ஃபீஸ் இடிக்காது. போட்டுடவா?"

சர்வேயர் விட்டத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் மைத்துனரின் பட்டம், மறுபக்கம் மைத்துனரின் புத்தி. இரண்டில் ஒன்றை வீட்டுக்குள் விட்டே ஆக வேண்டும்.

"பட்டம் வந்தா வந்துட்டுப் போகட்டும்" என்றார் கடைசியில். "புத்தி வரக்கூடாது. காண்ட்ராக்டர்னே போடு. ஃபீஸுக்கு என் பென்ஷன் இருக்கு."

"உங்க பென்ஷன் உங்ககிட்டயே இருக்கட்டும். ரெண்டு படம் கூடுதலா எழுதினாப் போச்சு."

"எழுது. கரையாம எழுது."

ஆலோசகர் நீட்டிய தாளில் மகள் கையெழுத்துப் போட்டாள். சர்வேயர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இனிஷியல் எங்கே?"

"இங்க அதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்கப்பா."

"நான் கேக்கறேன். போடு."